கரை காட்டிய கோபுரம்

பெங்களூரு ரிச்சர்ட்ஸ் டவுனில் கடற்காற்று வீசுவதில்லை. கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 900 மீட்டர் உயர்ந்த அவ்விடத்தில், மாலுமித் தேர்வுக்குப் படிக்கும் இளைஞர் ஒருவர் சோழமண்டலக் கரையின் வரைபடத்தை நம்முன் விரித்து, "இக்கரையில் அடையாளமெனக் கொள்ள என்ன இருக்கிறது?" என வினவினார்.

வினா நியாயமானதே. மேலைக் கரையில் குன்றுகள் உண்டு. கடலுள் நீண்ட முனைகள் உண்டு. காவிரிப் படுகையின் கரையோ தாழ்ந்த மணற்பரப்பு. கப்பலிலிருந்து நோக்குவார்க்கு ஒரு காதமும் மறு காதமும் ஒன்றுபோலவே தோன்றும். ஐயமற அறிந்த இரு பொருள்களின் திசையைத் திசைகாட்டியால் அளந்து, வரைபடத்தில் இரு கோடுகள் வரைந்தால், அவை வெட்டும் இடமே கப்பலின் நிலை. பொருளைப் பிழைபட அறிந்தாலோ கப்பல் மணல்திட்டில் ஏறும்.

ஆகவே இயற்கை தராத குறிகளை மக்களின் கட்டடங்களே தந்தன. நீர்ப்பெயற்றுத் துறையில் இரவில் விளக்கேற்றிய உயர்ந்த மாடத்தைப் பெரும்பாணாற்றுப்படை கூறுகிறது. மாமல்லபுரத்தை ஐரோப்பிய மாலுமிகள் 'ஏழு கோயில்கள்' என்றே வழங்கினர்.

இவற்றுள் நம் நெஞ்சை உறுத்துவது நாகப்பட்டினத்துக் கோபுரம். முதலாம் இராசராசன் காலத்தில், ஸ்ரீவிசய மன்னன் மாறவிசயோத்துங்கவர்மன் தன் தந்தையின் பெயரால் அங்கே சூளாமணி விகாரத்தை எடுப்பித்தான். சைவனாகிய சோழன் அப்பௌத்தப் பள்ளிக்கு ஆனைமங்கலம் என்னும் ஊரையே அளித்தான். நகருக்கு வடக்கே பிற்காலத்தில் எஞ்சி நின்ற செங்கற் கோபுரம் அவ்விகாரத்தைச் சேர்ந்ததா, பின்னர்ச் சீனர் எழுப்பியதா என்பதில் அறிஞரிடையே கருத்து வேற்றுமை உண்டு. மாலுமிகளுக்கு அவ்வாராய்ச்சி வேண்டியிருக்கவில்லை. 'சீனக் கோபுரம்' எனப் பெயரிட்டு, அதைக் கண்டே துறையை அறிந்தனர்.

1846இல் சர் வால்டர் எலியட் அதைக் கண்டார். மூன்று நிலை, நாற்புறமும் வாயில்கள், சாந்தின்றி நெருங்க அடுக்கிய செங்கல். பாழடைந்திருந்தும் அது நின்றது. அந்நிலத்தைப் பெற்றிருந்த ஏசுசபைப் பாதிரிமார் அதை இடிக்க இசைவு வேண்டினர். 1867இல் சென்னை அரசாங்கம் இசைந்தது. அரசாங்கத்திற்கு அது வெறும் பாழ். கடலில் வருவோர்க்கு ஊரின் முகம். பல நூற்றாண்டுப் புயல்களைத் தாங்கிய அக்கோபுரம் ஓர் அரசாணையைத் தாங்கவில்லை.

இவ்வளவும் கேட்ட இளைஞர் வரைபடத்தை மீண்டும் குனிந்து நோக்கினார். நாகப்பட்டினத்தருகே கலங்கரை விளக்கத்தின் குறி இருந்தது. அதற்கு வடக்கே, கோபுரம் நின்ற பக்கமாக, பென்சிலால் மெல்லிய புள்ளி ஒன்றை இட்டார்.