கலப்புப் பணிமுறையும் ஒரகடம் தொழில் தடமும்

பணியாளர்கள் சில நாட்கள் அலுவலகத்திலும் சில நாட்கள் வீட்டிலும் இருந்து வேலை செய்வது கலப்புப் பணிமுறை எனப்படுகிறது. 2020 மார்ச் 25 அன்று தொடங்கிய பொதுமுடக்கத்துக்குப் பின் இது இந்தியாவில் பரவியது. அந்த ஆண்டு நவம்பரில் தொலைத்தொடர்புத் துறை வீட்டிலிருந்து பணிபுரிவதற்கான விதிகளைத் தளர்த்தியது. 2022 ஜூலையில் சிறப்புப் பொருளாதார மண்டல நிறுவனங்கள் 50 விழுக்காடு வரையிலான ஊழியர்களுக்கு இதனை வழங்க அனுமதி கிடைத்தது.

குன்றத்தூரை அடுத்த ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழில் தடத்தில் இம்முறையின் எல்லை வெளிப்பட்டது. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998இலும் ஒரகடத்தில் ரெனோ–நிசான் 2010இலும் கார் உற்பத்தியைத் தொடங்கின. கணினியில் செய்யும் வடிவமைப்பும் கணக்கும் வீட்டிலிருந்து நடக்கக்கூடியவை. காரைப் பூட்டும் வேலை அவ்வாறு நடக்காது.

2021 மே மாதத்தில் இரண்டாம் அலை உச்சத்தில் இருந்தபோது, உற்பத்தி வரிசையில் போதிய இடைவெளி இல்லை எனக் கூறி ரெனோ–நிசான் தொழிற்சங்கம் சென்னை உயர் நீதிமன்றத்தை அணுகியது. தொழிலகப் பாதுகாப்பு அதிகாரி நேரில் ஆய்வு செய்ய நீதிமன்றம் உத்தரவிட்டது. அம்மாத இறுதியில் ஆலை சில நாட்கள் மூடப்பட்டது. ஹூண்டாய் ஆலையும் தொழிலாளர் போராட்டத்தை அடுத்து ஐந்து நாட்கள் நிறுத்தப்பட்டது.

வீட்டிலிருந்து பணிபுரியும் வசதி ஒரு பிரிவினருக்கே கிடைக்கும் நிறுவனத்தில், ஆலைக்கு வந்தே தீரவேண்டியவர்களின் பாதுகாப்பும் கருத்தும் தலைமையின் முதற்பொறுப்பு என்பதை இந்நிகழ்வுகள் உணர்த்தின.