கீர்த்தனையும் கிதாரும்

பிறந்த மண்ணை விட்டு நெடுந்தொலைவு வந்து வாழும் நம்மனோர்க்குத் தமிழ் வாய்விட்டு ஒலிக்கும் இடங்கள் சிலவே. இல்லம் ஒன்று, நமது சங்கம் ஒன்று, வழிபாட்டுத் தலம் மற்றொன்று. ஆதலின், நம் காலனியின் தமிழ் ஆராதனையில் எப்பாடல் பாடுவது என்னும் வழக்கு கிறிஸ்தவ அன்பர்களுக்கு மட்டும் உரியதன்று. நம் எல்லோர்க்கும் உரியதாம்.

கீர்த்தனையே முறை என்பர் முதியோர். கிதாரும் தாளக்கருவிகளும் முழங்கப் புதுப்பாடல் பாடினாலன்றி உள்ளம் உருகாது என்பர் இளைஞர். இப்பூசல் புதிதன்று என்பதை வரலாறு காட்டுகின்றது.

1706-ஆம் ஆண்டு தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு ஐயரும் அவர் வழிவந்தோரும் ஜெர்மானியப் பாடல்களைத் தமிழாக்கி, அந்நாட்டு மெட்டிலேயே பாடச் செய்தனர். பின்வந்த பெப்ரீஷியஸ் ஐயர் அப்பணியைச் செம்மையுறச் செய்தார். இவையே ஞானப்பாட்டுகள். சொல் தமிழாயினும் மெட்டு அயலது. குறில் நெடிலாகவும் நெடில் குறிலாகவும் நீண்டும் குறுகியும் ஒலிக்க நேர்ந்தது.

இக்குறையைப் போக்கியவர் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774-1864). சுவார்ட்ஸ் ஐயரிடம் வளர்ந்தவர். இரண்டாம் சரபோஜி மன்னரின் நண்பர். தியாகராஜ சுவாமிகளின் காலத்தவர். பல்லவி, அனுபல்லவி, சரணம் என்னும் அமைப்பில் இராகமும் தாளமும் இசையப் பாடினார். பெத்லகேம் குறவஞ்சியும் இயற்றினார்.

எனினும், 1820-களில் புதிதாய் வந்த மிஷனரிமார் சிலர் தமிழிசையைத் திருச்சபையினின்று விலக்க முற்பட்டனர் என்று சாஸ்திரியார் முறையிட்டார். சாதி வேற்றுமையைக் களைய அவர்கள் முயன்றதையும் அவர் எதிர்த்தார். அதனை மறைத்தல் வரலாறாகாது. ஆயினும் இசையைப் பற்றிய மட்டில் காலம் அவர் பக்கமே நின்றது. 1853-இல் அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த வெப் ஐயர் கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சிட்டார். ஒருகால் ஒதுக்கப்பட்ட கீர்த்தனையே பின்னர் முறையாயிற்று!

இன்றைய புதுப்பாடலுக்கும் ஒரு கதை உண்டு. கத்தோலிக்க சபையில் 1963-ஆம் ஆண்டு டிசம்பர் 4-ஆம் நாள் வெளியான வத்திக்கான் சங்கத்தின் ஏடு, இலத்தீன் வழிபாட்டில் தாய்மொழிக்கு இடமளித்தது. கலிபோர்னியாவில் இளைஞர் பாடிய எளிய பாடல்களை வெளியிட 1971-இல் ‘மாரநாதா’ இசை நிறுவனம் தோன்றியது. 1983-இல் ஆஸ்திரேலியாவில் தொடங்கிய ஹில்சாங் சபையின் பாடல்களும் பின்னர் உலகெங்கும் பரவின. தமிழில் சகோதரி சாரா நவரோஜி, தந்தை பெர்க்மான்ஸ் போன்றோர் பாடல்கள் ஒலிநாடா வழியே இல்லந்தோறும் புகுந்தன.

புதுப்பாடலின் வலிமை எளிமை. சில அடிகள், திரும்பத் திரும்ப. ஒருமுறை கேட்டவரும் கூடப் பாடலாம். கீர்த்தனையோ சரணந்தோறும் கதையையும் கருத்தையும் வளர்த்துச் செல்லும். இராகப் பயிற்சியும் மொழிப் பயிற்சியும் ஒருங்கே தரும். ஒன்று வாயிலைத் திறக்கின்றது. மற்றொன்று வீட்டினுள் அமரச் செய்கின்றது.

நம்மை வருத்துவது வேறொன்று. நம் சிறார் பலர் வெண்திரையில் இந்தி எழுத்திலோ ஆங்கில எழுத்திலோ எழுதிய தமிழைப் பாடுகின்றனர். ஓசை வருகின்றது; எழுத்தும் பொருளும் வருவதில்லை. பாட்டனார் வைத்துச் சென்ற கீர்த்தனைப் புத்தகத்தை நாளை யார் பிரித்துப் படிப்பர்?

ஆதலின் நாம் வேண்டுவது இதுவே: இளைஞர் கிதாரை முதியோர் தடுக்க வேண்டா. வாரம் ஒரு கீர்த்தனையை, தமிழ் எழுத்தில், பொருள் சொல்லிச் சிறார்க்குக் கற்பிப்போம். அதற்கு இளைஞரே கிதார் மீட்டட்டும். சாஸ்திரியார் பாடலும் ஒருகாலத்துப் புதுப்பாடலே அன்றோ!