மரக்கடை பள்ளிக்குப் பெயர் தந்த சையது முர்துசா யார்? திருச்சி மௌலவி டெல்லி சட்டசபைக்குப் போனது எப்படி?

2025 செப்டம்பர் 13. தவெக தலைவர் விஜய் தன் பிரசாரப் பயணத்தைத் திருச்சியில் தொடங்கிய நாள். விமான நிலையத்திலிருந்து மரக்கடை எம்.ஜி.ஆர். சிலை வரை அவரது வாகனம் ஊர்ந்து ஊர்ந்து வந்ததை மணிக்கணக்கில் நேரலையில் பார்த்திருப்பீங்க. அன்னைக்குத்தான் வெளியூர்க்காரர்கள் பலருக்கு மரக்கடை என்ற பெயரே அறிமுகம்.

திருச்சிக்காரர்களுக்கு அந்த இடத்துக்கு இன்னொரு அடையாளமும் உண்டு. அரசு சையது முர்துசா மேல்நிலைப் பள்ளி. ஆட்டோக்காரரிடம் "முர்துசா ஸ்கூல்" என்று சொன்னாலே கொண்டுபோய் விட்டுவிடுவார். ஆனா, அந்த முர்துசா யார்னு கேட்டா, அங்கே படித்தவர்களிலேயே பாதிப் பேர் யோசிப்பார்கள்.

சுருக்கமாகச் சொன்னா, அவர் ஒரு மௌலவி. மார்க்கக் கல்வி கற்றவர். கிலாஃபத் இயக்கக் காலத்தில் அரசியல் மேடைக்கு வந்து, 1920-களிலும் 1930-களிலும் டெல்லியில் இருந்த மத்திய சட்டசபையில் உறுப்பினராக உட்கார்ந்தவர். அன்றைய சபைப் பதிவுகளில் அவர் பெயர் 'மௌல்வி சையது முர்துசா சாகிப் பகதூர், தென் சென்னை முகமதியர் தொகுதி' என்று இருக்கும். இந்தத் 'தென் சென்னை' இன்றைய மயிலாப்பூர், வேளச்சேரி இல்லை. சென்னை மாகாணத்தின் தென்பகுதி மாவட்டங்களின் முஸ்லிம் வாக்காளர்களை மட்டும் சேர்த்த ஒரு பெரிய தொகுதி.

அந்த 'மட்டும்' என்ற சொல்லில்தான் விஷயமே இருக்கு. அதற்குப் பிறகு வருவோம்.

மௌலவி என்றால் யார்?

மதரஸாவில் அரபு இலக்கணம், குர்ஆன் விளக்கம், நபிமொழி, மார்க்கச் சட்டம் ஆகியவற்றைப் பல வருடம் படித்து முடித்தவருக்கு ஆலிம் அல்லது மௌலவி என்று பெயர். பெயருக்குப் பின்னால் வரும் பட்டத்தை வைத்தே அவர் எங்கே ஓதியவர்னு சொல்லிவிடலாம். 'பாகவி' என்று இருந்தால் வேலூர் பாக்கியாத்துஸ் ஸாலிஹாத். 'உமரி' என்றால் உமராபாத், 1924-ல் தொடங்கிய ஜாமிஆ தாருஸ்ஸலாம். 'ஜமாலி' என்றால் சென்னை பெரம்பூர் ஜமாலியா.

பள்ளிவாசலில் தொழுகை நடத்துவது, நிக்காஹ் செய்துவைப்பது, பாகப்பிரிவினையில் மார்க்கம் என்ன சொல்கிறது என்று விளக்குவது எல்லாம் இவர்கள் வேலை. ஊரில் மரியாதை உண்டு, ஆனால் அதிகாரம் கிடையாது. அதிகாரம் வணிகர்களிடமும் நிலக்காரர்களிடமும் இருந்தது. அந்த வரிசையை மாற்றியது கிலாஃபத் இயக்கம்.

முர்துசா இருந்த ஊரும் சாதாரண ஊர் இல்லை. மரக்கடை இருக்கும் அதே மதுரை ரோட்டுப் பகுதியில்தான் நத்தர்வலி தர்கா இருக்கு. ஆற்காடு நவாப் முகமது அலி வாலாஜா 1795-ல் சென்னையில் இறந்தாலும் அவரது அடக்கம் இந்தத் தர்காவுக்குப் பக்கத்தில்தான். நவாப் ஆட்சியோடு வந்த உருது பேசும் குடும்பங்கள் ஒரு பக்கம், தலைமுறை தலைமுறையாகத் தமிழ் பேசும் ராவுத்தர்கள் இன்னொரு பக்கம். திருச்சி முஸ்லிம் சமூகம் என்றால் இந்த இரண்டும் சேர்ந்ததுதான்.

மதரஸாவிலிருந்து மேடைக்கு

முதல் உலகப் போரில் துருக்கி தோற்றது. துருக்கி சுல்தான்தான் அப்போது கலீஃபா, அதாவது உலக முஸ்லிம்களின் தலைவராகக் கருதப்பட்டவர். அவருடைய பேரரசைப் பிரிட்டனும் பிரான்சும் பங்கு போட்டதை எதிர்த்து இந்தியாவில் 1919-ல் எழுந்ததுதான் கிலாஃபத் இயக்கம். அதே வருடம் நவம்பரில் ஜம்இய்யத்துல் உலமாயே ஹிந்த் தொடங்கியது. மார்க்க அறிஞர்களே ஓர் அமைப்பாகத் திரண்டு அரசியல் பேசிய காலம் அது.

காந்தி இதை ஒத்துழையாமை இயக்கத்தோடு சேர்த்தார். 1920 ஆகஸ்டில் மௌலானா ஷவுகத் அலியுடன் தெற்கே வந்தார். சென்னை, கும்பகோணம், நாகூர் முடித்து ஆகஸ்ட் 17-ம் தேதி திருச்சியில் பேசினார். மறுநாள் கோழிக்கோடு. ஆறே நாளில் இத்தனை ஊர்!

இந்த இயக்கத்துக்குக் கூட்டம் சேர்க்க யாரால் முடியும்? ஆங்கிலம் படித்த வக்கீலை விட, ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஜும்ஆவில் மக்களைப் பார்க்கும் மௌலவியால்தான் சுலபமாக முடியும். துருக்கியில் நடப்பது என்ன, கலீஃபா என்றால் என்ன என்று விளக்க வேண்டியதும் அவர்தான். திருச்சியில் அந்த இடத்தில் நின்றவர்களில் முன்வரிசை ஆள் சையது முர்துசா. மாகாணத் தலைநகரில் யாகூப் ஹசன் இருந்தார். பின்னாளில் ராஜாஜியின் 1937 அமைச்சரவையில் இடம்பெற்றவர்.

கிலாஃபத் இயக்கம் ரொம்ப நாள் நீடிக்கவில்லை. 1924 மார்ச்சில் துருக்கியே கிலாஃபத்தை ஒழித்துவிட்டது. இந்தியாவில் இயக்கம் கரைந்தது. ஆனால் அது உருவாக்கிய தலைவர்கள் வீட்டுக்குப் போகவில்லை, தேர்தலுக்குப் போனார்கள்.

டெல்லியில் இருந்தது என்ன சபை?

1919 சட்டப்படி உருவானது மத்திய சட்டசபை. மொத்தம் 145 இடங்கள். அதில் 40 பேர் அரசு நியமனம், மற்றவர்கள் தேர்தலில் வந்தவர்கள். சென்னை மாகாணத்துக்குத் தேர்தல் இடங்கள் 16. அந்தப் பதினாறில் முஸ்லிம்களுக்கு 3: வட சென்னை, தென் சென்னை, மேற்குக் கரையும் நீலகிரியும்.

முர்துசா முதலில் போனபோது சபை நடந்தது, இன்று டெல்லி சட்டப்பேரவை இருக்கும் பழைய தலைமைச் செயலகக் கட்டடத்தில். நாம் 'பழைய பார்லிமென்ட்' என்று சொல்லும் வட்டக் கட்டடம் 1927 ஜனவரியில்தான் திறக்கப்பட்டது. பகத் சிங் 1929 ஏப்ரல் 8-ம் தேதி குண்டு வீசியது அந்த வட்டக் கட்டடத்தில்தான்.

இந்தச் சபைக்கு உண்மையான அதிகாரம் இருந்ததா? ரொம்ப இல்லை. 1923-ல் உப்பு வரியை இரட்டிப்பாக்கும் திட்டத்தைச் சபை நிராகரித்தது. வைஸ்ராய் தன் தனி அதிகாரத்தில் அதைக் கொண்டுவந்துவிட்டார். ஆனா கேள்வி கேட்கலாம், தீர்மானம் கொண்டுவரலாம், அரசைத் தோற்கடித்து மானத்தை வாங்கலாம். 1928 பிப்ரவரியில் சைமன் கமிஷனை ஏற்க மறுக்கும் தீர்மானம் 68-க்கு 62 என்ற கணக்கில் நிறைவேறியது. ஆறே ஓட்டு வித்தியாசம். அப்படிப்பட்ட சபையில் தென்கோடியிலிருந்து வந்த ஒரு மௌலவியின் ஓட்டும் எண்ணிக்கைக்கு வந்தது.

மௌலவிக்கு அங்கே என்ன வேலை?

இந்தக் கேள்விக்கு நல்ல பதில் ஷரீஅத் சட்டம். இன்றைக்கும் முஸ்லிம் தனியார் சட்டம் பற்றி டிவி விவாதம் வந்தால் எல்லோரும் குறிப்பிடும் 1937 ஷரீஅத் சட்டம் இந்தச் சபையில்தான் நிறைவேறியது.

அதற்கு முன்னால் நிலைமை என்ன? நாட்டின் பல பகுதிகளில் முஸ்லிம் குடும்பங்களின் சொத்து, மார்க்கப்படி இல்லாமல் உள்ளூர் வழக்கப்படி பிரிக்கப்பட்டது. மார்க்கச் சட்டத்தில் மகளுக்குப் பங்கு உண்டு. மகனுக்குக் கிடைப்பதில் பாதி என்றாலும், உண்டு. பல இடங்களில் வழக்கம் என்ற பெயரில் அந்தப் பாதியும் கொடுக்கப்படவில்லை. இதை மாற்றச் சொல்லி வலியுறுத்தியவர்களில் ஆலிம்கள் முக்கியமானவர்கள். மத அறிஞர் என்றாலே பெண்களுக்கு எதிரான பக்கத்தில் இருப்பார் என்று நினைக்கிறவர்கள், இந்த ஒரு சட்டத்தின் கதையைக் கொஞ்சம் படிச்சுப் பார்க்கலாம்.

ஆனா ஓட்டை இருந்தது. விவசாய நிலம் மாகாணத்தின் அதிகாரத்தில் வருவதால் 1937 சட்டத்தில் சேரவில்லை. நிலம்தான் சொத்து என்று இருந்த காலத்தில் நிலத்தை விட்டுவிட்டால் மிச்சம் என்ன இருக்கும்? சென்னை மாகாணம் 1949-ல் திருத்தம் கொண்டுவந்து விவசாய நிலத்தையும் சேர்த்தது. அதனால் இந்த விஷயத்தில் தமிழ்நாட்டு முஸ்லிம் பெண்ணின் நிலை வட இந்தியாவின் பல மாநிலங்களை விட முன்னாடியே சரியானது.

ஒரே ஊர், இரண்டு வாக்காளர் பட்டியல்

இப்போ அந்த 'மட்டும்' கதைக்கு வருவோம்.

1909-லிருந்து முஸ்லிம்களுக்குத் தனித் தொகுதி முறை இருந்தது. இன்றைய தனித் தொகுதி மாதிரி இல்லை. இன்று தனித் தொகுதியில் வேட்பாளர் மட்டும்தான் பட்டியல் சமூகத்தவர், ஓட்டு எல்லோரும் போடுவார்கள். அன்று முஸ்லிம் வேட்பாளருக்கு முஸ்லிம் வாக்காளர் மட்டுமே ஓட்டுப் போட முடியும்.

திருச்சியை வைத்தே பார்த்தா சுலபமாகப் புரியும். ஸ்ரீரங்கத்தில் பிறந்த டாக்டர் தி.சே.சௌ. ராஜன், காங்கிரஸ்காரர். 1930 ஏப்ரலில் ராஜாஜி வேதாரண்யம் உப்புச் சத்தியாகிரக யாத்திரையைத் தொடங்கியது திருச்சியில் இவருடைய வீட்டிலிருந்துதான். 1934 தேர்தலில் இவர் தஞ்சாவூர் - திருச்சி பொதுத் தொகுதியிலிருந்து மத்திய சட்டசபைக்குப் போனார். அதே காலத்தில் முர்துசா தென் சென்னை முஸ்லிம் தொகுதியிலிருந்து அதே சபையில் இருந்தார். காவிரியின் அந்தக் கரையில் பிறந்தவர் ஒருவர், இந்தக் கரைக்காரர் ஒருவர், இரண்டு பேரும் ஒரே ஊரின் ரயில் நிலையத்திலிருந்து டெல்லி போகிறவர்கள். ஆனால் ஸ்ரீரங்கம் வீதிக்காரர் முர்துசாவுக்கு ஓட்டுப் போட முடியாது. பாலக்கரை ராவுத்தர் டாக்டர் ராஜனுக்கு ஓட்டுப் போட முடியாது.

இன்னொன்று: ஓட்டே எல்லோருக்கும் கிடையாது. சொத்தும் வரியும் கட்டுகிறவருக்கு மட்டும்தான். 1934-ல் பிரிட்டிஷ் இந்தியா முழுக்க இந்தச் சபைக்கு ஓட்டுரிமை இருந்தவர்கள் சுமார் 14 லட்சம் பேர்தான்.

இந்த முறை நல்லதா கெட்டதா? மாகாணத்தில் முஸ்லிம்கள் சுமார் 7 சதவீதம். பொதுப் பட்டியலில் நின்றிருந்தால் மரக்கடை மௌலவி ஒருவர் டெல்லி போயிருப்பாரா என்பது சந்தேகம்தான். தனிப் பட்டியல் அவருக்குக் குரல் கொடுத்தது. ஆனால் அவருக்கு ஸ்ரீரங்கத்துக்காரரிடம் போய் ஓட்டுக் கேட்கும் அவசியமே இல்லாமல் செய்ததும் அதே பட்டியல்தான். டாக்டருக்கும் அதேபோல் பாலக்கரைக்கு வரும் அவசியம் இல்லை. இருபது, முப்பது வருடம் ஒருவரை ஒருவர் தேவைப்படாமல் அரசியல் செய்தால் என்ன ஆகும் என்பதை 1947 காட்டியது.

உருதா, தமிழா?

டெல்லிக்கு ஒரு மௌலவி போனார் என்றால், மாகாண சபைக்குத் திருச்சி அனுப்பியது ஒரு வக்கீலை. பி. கலீஃபுல்லா. 1937-ல் சில மாதங்களே இருந்த கே.வி. ரெட்டி நாயுடு அமைச்சரவையில் அமைச்சர். பின்னாளில் புதுக்கோட்டை சமஸ்தானத்தின் திவான்.

ராஜாஜி அரசு பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கியபோது சட்டசபையில் எதிர்த்துப் பேசியவர்களில் கலீஃபுல்லா முக்கியமானவர். தான் ஒரு ராவுத்தர், தன் தாய்மொழி உருது அல்ல, தமிழ்தான் என்று சபையிலேயே பதிவு செய்தார். 1938 ஆகஸ்ட் 1-ம் தேதி தமிழர் படை சென்னைக்கு நடைபயணம் புறப்பட்டதும் இதே திருச்சியிலிருந்துதான். மார்க்கத்தின் பெயரில் வந்த அரசியல், மொழியின் பக்கம் திரும்பிய இடம் இது. திராவிட இயக்கத்துக்கும் தமிழ்நாட்டு முஸ்லிம் அரசியலுக்கும் இடையில் பிற்பாடு ஏற்பட்ட உறவுக்கு விதை இங்கேயே விழுந்துவிட்டது என்று தோன்றுகிறது.

சுதந்திரத்துக்குப் பிறகு என்ன மாறியது?

1947 ஆகஸ்டில் அரசியல் நிர்ணய சபை தனி வாக்காளர் முறையை நிராகரித்தது. 1949 மே மாதம் மத அடிப்படையிலான இட ஒதுக்கீடும் போனது. காயிதே மில்லத் முகமது இஸ்மாயில் கடைசிவரை வாதாடிப் பார்த்தார், எடுபடவில்லை. 1948 மார்ச் 10-ம் தேதி சென்னை ராஜாஜி மண்டபத்தில் அவர் தலைமையில் இந்திய யூனியன் முஸ்லிம் லீக் தொடங்கியிருந்தது. திருநெல்வேலி பேட்டையில் பிறந்த அவர் மக்களவைக்குப் போனது மூன்று முறையும் கேரளாவின் மஞ்சேரியிலிருந்துதான். ஏன்னா, முஸ்லிம் வாக்குகள் ஒரே இடத்தில் திரண்டிருக்கும் தொகுதி அங்கேதான் இருந்தது.

தமிழ்நாட்டில் அப்படி இல்லை. இங்கே முஸ்லிம் வேட்பாளர் ஜெயிக்க மற்றவர்களின் ஓட்டு வேண்டும். அதற்குப் பெரிய கட்சியின் கூட்டணி வேண்டும். சில நேரம் அந்தக் கட்சியின் சின்னமே வேண்டும்.

இதற்கும் திருச்சியிலேயே ஆள் உண்டு. கே.எம். காதர் மொகிதீன், திருச்சி ஜமால் முகமது கல்லூரியில் பேராசிரியராக இருந்தவர். அந்தக் கல்லூரி 1951-ல் ஜமால் முகமது சாகிப், காஜா மியான் ராவுத்தர் இருவரால் தொடங்கப்பட்டது. முர்துசா மதரஸாவிலிருந்து வந்தார் என்றால் இவர் கல்லூரி வகுப்பறையிலிருந்து வந்தவர். 2004-ல் வேலூரில் மக்களவைக்கு ஜெயித்தார், முஸ்லிம் லீக்கின் ஏணி சின்னத்தில் அல்ல, திமுகவின் உதயசூரியனில். 2017 முதல் முஸ்லிம் லீக்கின் தேசியத் தலைவர். 2025-ல் தமிழக அரசின் தகைசால் தமிழர் விருது இவருக்கு வழங்கப்பட்டது. சங்கரய்யா, நல்லகண்ணு, கி. வீரமணி, குமரி அனந்தனுக்குப் பிறகு ஐந்தாவது ஆள்.

கட்சி வேறு, பாதை வேறு என்று இன்னொரு உதாரணமும் இருக்கு. 2011 சட்டமன்றத் தேர்தலில் ஸ்ரீரங்கத்தில் ஜெயலலிதா ஜெயித்தார். ஆற்றுக்கு இந்தப் பக்கம் திருச்சி மேற்கில் கே.என். நேருவைத் தோற்கடித்தவர் மரியம் பிச்சை. மௌலவியும் இல்லை, பேராசிரியரும் இல்லை, அதிமுக கட்சிக்காரர். இரண்டு தொகுதியிலும் அதே இரட்டை இலை, எல்லா மதத்தவரும் இருக்கும் அதே பொதுப் பட்டியல். அமைச்சராகப் பதவியேற்ற ஒரே வாரத்தில், மே 23-ம் தேதி, எம்.எல்.ஏ.வாக உறுதிமொழி எடுக்கச் சென்னைக்குப் போகும் வழியில் கார் விபத்தில் அவர் இறந்துபோனார்.

ஏணி சின்னத்தில் நின்றே ஜெயித்த தமிழ்நாட்டு எம்.பி.யும் இருக்கிறார். ராமநாதபுரத்தில் கே. நவாஸ்கனி, 2019-லும் 2024-லும். இரண்டு முறையும் திமுக கூட்டணியில்.