குழந்தை வளர்ச்சிப் படிநிலைகள்

குழந்தை வளர்ச்சிப் படிநிலைகள் என்பன, தலை நிற்றல், குப்புறக் கவிழ்தல், உட்காருதல், தவழ்தல், நடத்தல், பேசுதல் முதலிய திறன்களைக் குழந்தைகள் பெரும்பாலும் எந்த வயதிற்குள் அடைகின்றன என்பதைக் குறிக்கும் நிலைகள் ஆகும். மருத்துவர்கள் இவற்றை வளர்ச்சி மைல்கற்கள் என்றும் அழைப்பர். இவை பொதுவாகப் பெருந்தசை இயக்கம், நுண்தசை இயக்கம், மொழி, சமூகப் பழக்கம் என்று நான்கு வகைகளாகப் பகுக்கப்படுகின்றன. எடையும் உயரமும் கூடுவது வேறு, திறன் கூடுவது வேறு. கொழுகொழுவென்று எடை கூடிவரும் குழந்தைக்கும் திறன் வளர்ச்சியில் தாமதம் இருக்கக்கூடும். மெலிந்த குழந்தை உரிய வயதில் ஓடி விளையாடவும் கூடும்.

பெற்றோரின் கவலை பெரும்பாலும் ஒப்பிடுதலில் தொடங்குகிறது. இராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் போன்ற வடசென்னைப் பகுதிகளில் வீடுகள் நெருக்கமாக அமைந்தவை. ஒரே தெருவில் ஒத்த வயதுக் குழந்தைகள் நான்கைந்து வளரும்போது, எதிர்வீட்டுக் குழந்தை நடந்துவிட்டது, நம் குழந்தை இன்னும் சுவரைப் பிடித்தே நிற்கிறது என்ற பேச்சு எழாமல் இராது. இக்கவலையில் இரு வகைத் தவறுகள் நேர்கின்றன. இயல்பான வேறுபாட்டை நோய் என்று எண்ணி அஞ்சுவது ஒன்று. "அப்பனும் இப்படித்தான் தாமதமாகப் பேசினான்" என்று கூறி, உண்மையான தாமதத்தைக் கண்டும் காலத்தைக் கடத்துவது மற்றொன்று. இரண்டாவதே பெருந்தீங்கு விளைவிப்பது.

வயது வரம்புகள்

ஒரு திறனுக்கு ஒரே ஒரு "சரியான" வயது என்று எதுவும் இல்லை. இதனை எண்ணிக்கையால் காட்டியது உலக சுகாதார அமைப்பின் பன்னாட்டு வளர்ச்சி ஆய்வாகும். இந்தியா, கானா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஐந்து நாடுகளில், நலமான சூழலில் வளர்ந்த 816 குழந்தைகளின் இயக்கத் திறன்கள் தொடர்ந்து கவனிக்கப்பட்டு, முடிவுகள் 2006 ஆம் ஆண்டு வெளியிடப்பட்டன. இந்தியக் குழந்தைகள் தெற்கு தில்லியைச் சேர்ந்தவர்கள்.

அவ்வாய்வின்படி, பிடிமானம் இன்றி உட்காருதல் 3.8 முதல் 9.2 மாதங்களுக்குள்ளும், பிடித்துக்கொண்டு நிற்றல் 4.8 முதல் 11.4 மாதங்களுக்குள்ளும், கைகளையும் முழங்கால்களையும் ஊன்றித் தவழ்தல் 5.2 முதல் 13.5 மாதங்களுக்குள்ளும், பிடிமானம் இன்றி நிற்றல் 6.9 முதல் 16.9 மாதங்களுக்குள்ளும், தனியே நடத்தல் 8.2 முதல் 17.6 மாதங்களுக்குள்ளும் நிகழ்கின்றன. அதாவது எட்டரை மாதத்தில் நடக்கும் குழந்தையும் பதினேழு மாதத்தில் நடக்கும் குழந்தையும் இயல்பின் எல்லைக்குள்ளேயே உள்ளன. நடப்பதற்கான சராசரி ஏறத்தாழ 12 மாதம் என்பது உண்மையே. ஆனால் சராசரி என்பது கெடுநாள் அன்று. மேலும், ஆய்வுக்குட்பட்ட குழந்தைகளில் 4.3 விழுக்காட்டினர் முழங்காலூன்றித் தவழாமலேயே நடந்துவிட்டனர். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2022 ஆம் ஆண்டு தன் படிநிலைப் பட்டியலைத் திருத்தியபோது தவழுதலை அதிலிருந்து நீக்கியது.

குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளுக்கு வயதைத் திருத்திக் கணக்கிட வேண்டும். எட்டு வாரம் முன்னதாகப் பிறந்த குழந்தைக்குப் பத்து மாதம் நிறைந்திருந்தால், படிநிலைகளைப் பொறுத்தவரை அதன் வயது ஏறத்தாழ எட்டு மாதமே. இத்திருத்தம் இரண்டு வயது வரை பின்பற்றப்படுகிறது. வீட்டில் உள்ளோர் இக்கணக்கை அறியாமல் இருப்பதே, இளம் தாய்மார் தேவையின்றிப் பழி சுமப்பதற்கு ஒரு காரணமாகிறது.

தமிழ் மரபில்

குழந்தையின் வளர்நிலைகளை வகைப்படுத்தும் வழக்கம் தமிழில் பழையது. பிள்ளைத்தமிழ் என்னும் சிற்றிலக்கியம் குழந்தைப் பருவத்தைப் பத்தாகப் பகுக்கிறது. ஒட்டக்கூத்தர் பாடிய குலோத்துங்கன் பிள்ளைத்தமிழ் இவ்வகையில் முழுமையாகக் கிடைக்கும் பழைய நூலாகும். காப்பு மூன்றாம் மாதம், செங்கீரை ஐந்தாம் மாதம், தால் ஏழாம் மாதம், சப்பாணி ஒன்பதாம் மாதம், முத்தம் பதினொன்றாம் மாதம், வருகை பதின்மூன்றாம் மாதம் என இருபத்தொன்றாம் மாதம் வரை இவை கூறப்படுகின்றன. செங்கீரை என்பது ஒரு காலை மடக்கி, மறுகாலை நீட்டி, கைகளை ஊன்றித் தலை நிமிர்த்தி ஆடும் நிலை. சப்பாணி என்பது உட்கார்ந்து கைகொட்டும் நிலை. வருகை என்பது தளர்நடையிட்டு வரும் நிலை.

கைகொட்டுதலுக்கு ஒன்பதாம் மாதமும் நடைக்குப் பதின்மூன்றாம் மாதமும் இக்கால அளவீடுகளோடு பெரிதும் ஒத்திருப்பது வியப்புக்குரியது. எனினும் ஒற்றைப்படை மாதங்களாகவே இவை அமைந்திருப்பது இலக்கண மரபு பற்றியது. ஆகவே இதனை மருத்துவ அட்டவணையாகக் கொள்ளலாகாது.

வழக்கில் உள்ள நம்பிக்கைகள் பலவாகும். பேச்சு வருவதற்காக நாவில் வசம்பு தடவுதல், கழுதைப்பால் புகட்டுதல், 'உரம் விழுந்தது' என்று கூறிச் சேலையில் கிடத்தி உருட்டுதல் போன்றவை இன்றும் காணப்படுகின்றன. இவற்றால் படிநிலைகள் விரைவடைவதில்லை. கழுத்து நிற்காத குழந்தையை உருட்டுவது ஆபத்தானதும் ஆகும். நடைவண்டியையும் சக்கர வாக்கரையும் ஒன்றாகக் கருதுதல் தவறு. மரத்தாலான நடைவண்டியை நிற்கத் தெரிந்த குழந்தை தானே தள்ளிச் செல்கிறது. நடுவில் உட்கார வைக்கும் வாக்கரோ நடையை விரைவுபடுத்துவதில்லை. படிகளில் கவிழ்ந்து காயம் விளைவிப்பது. கனடா 2004 ஆம் ஆண்டு அதன் விற்பனையைத் தடை செய்தது.

வீட்டில் இரண்டு மொழிகள் பேசப்படுவதால் பேச்சு தாமதமாகிறது என்ற கருத்தும் பிழையானதே. தமிழோடு தெலுங்கும் உருதும் பேசும் குடும்பங்கள் நிறைந்த வடசென்னையில் இதனைத் தெளிவுபடுத்துதல் தேவையாகிறது. இருமொழிக் குழந்தையின் சொற்களை எண்ணும்போது இரு மொழிச் சொற்களையும் சேர்த்து எண்ண வேண்டும்.

மருத்துவரை நாட வேண்டிய அறிகுறிகள்

மூன்று மாதம் நிறைந்தும் முகம் பார்த்துச் சிரிக்காமை, ஐந்து மாதத்திலும் தலை நிற்காமை, பத்து மாதத்திலும் பிடிமானம் இன்றி உட்காராமை, ஒரு வயதிலும் மழலை ஒலி எழுப்பாமை, பதினெட்டு மாதத்திலும் நடக்காமை அல்லது ஒரு சொல்லும் பேசாமை, இரண்டு வயதிலும் இரு சொற்களைச் சேர்த்துப் பேசாமை ஆகியன காத்திருக்கக் கூடாத அறிகுறிகள் ஆகும். ஒரு வயதிற்கு முன்பே ஒரு கையை மட்டும் பயன்படுத்துவது திறமையின் அடையாளம் அன்று. மறு கையின் வலுவின்மையைக் காட்டலாம். எல்லாவற்றிலும் முதன்மையானது, எந்த வயதிலும் ஏற்கெனவே பெற்ற திறனை இழத்தல். பேசிய சொற்களைக் குழந்தை மறந்தால், பெயர் சொல்லி அழைத்தால் முன்பு திரும்பிய குழந்தை இப்போது திரும்பாவிட்டால், அடுத்த தடுப்பூசி நாள் வரை பொறுக்காமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

பேச்சுத் தாமதத்தில் முதலில் சோதிக்க வேண்டியது செவி. செவிப்புலன் அற்ற குழந்தையும் முதல் மாதங்களில் மழலை ஒலி எழுப்பும் என்பதால் பெற்றோர் ஏமாந்துவிடுகின்றனர். ஒரு மாதத்திற்குள் செவிச் சோதனை, மூன்று மாதத்திற்குள் உறுதிப்படுத்தல், ஆறு மாதத்திற்குள் பயிற்சி என்பது பன்னாட்டளவில் ஏற்கப்பட்ட விதியாகும். நெருங்கிய உறவில் திருமணம் செய்யும் வழக்கமுள்ள தமிழ்நாட்டில் பிறவிச் செவிட்டுத்தன்மைக்கான வாய்ப்பு மிகுதி. பிறவியிலேயே தைராய்டு சுரப்புக் குறைந்த குழந்தைக்கு முதல் வாரங்களிலேயே மருந்து தொடங்கப்பட்டால் அறிவு வளர்ச்சிக் குறைவைப் பெரும்பாலும் தடுக்கலாம்.

வடசென்னைச் சூழலும் ஈயமும்

துறைமுகம், மணலி சுத்திகரிப்பு ஆலை, எண்ணூர் அனல்மின் நிலையங்கள், சரக்குந்துகள் செல்லும் சாலைகள் ஆகியவற்றுக்கு இடையே குழந்தை வளர்ப்போருக்கு மற்றொரு கவலையும் உண்டு. 2023 டிசம்பரில் எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியதும், அதே மாதம் 26 ஆம் நாள் இரவு பெரியகுப்பம் அருகே கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்ததும் இக்கவலையை மிகுவித்தன.

சிறு குழந்தைகளின் மூளைக்குத் தீங்கு விளைவிப்பதாக நன்கு நிறுவப்பட்ட மாசுகளுள் ஒன்று ஈயம். சென்னைப் பள்ளிகளில் பயின்ற 3 முதல் 7 வயது வரையிலான 756 குழந்தைகளிடம் செய்யப்பட்ட ஆய்வொன்று 2009 ஆம் ஆண்டு வெளியானது. அவர்களின் குருதியில் ஈய அளவு சராசரியாக ஒரு டெசிலிட்டருக்கு 11.4 மைக்ரோகிராம் இருந்தது. அளவு கூடிய குழந்தைகளிடம் பதற்றமும் கவனக் குறைவும் மிகுந்திருப்பதாக ஆசிரியர்களின் மதிப்பீடு காட்டியது. அமெரிக்காவில் நடவடிக்கைக்கு உரிய அளவாக 1991 இல் 10 மைக்ரோகிராம் வைக்கப்பட்டு, 2012 இல் 5 ஆகவும், 2021 இல் 3.5 ஆகவும் குறைக்கப்பட்டது என்பதோடு இதனை ஒப்பிடலாம். இந்தியாவில் ஈயம் கலந்த பெட்ரோல் 2000 ஆம் ஆண்டு கைவிடப்பட்டது. வீட்டு வண்ணப்பூச்சுகளில் ஈயம் பத்து இலட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருத்தலாகாது என்ற விதி 2016 இல் வகுக்கப்பட்டது. ஆயினும் பழைய சுவர்ப்பூச்சும், மின்கலம் உருக்கும் தொழிலும், மண்ணில் படிந்த தூசும் எஞ்சியுள்ளன.

இங்கு ஒரு சிக்கல் உண்டு. ஈயத்தால் பாதிக்கப்பட்ட குழந்தை உரிய வயதில் நடக்கவும் பேசவும் கூடும். பாதிப்பு பள்ளி செல்லும் வயதில் கவனத்திலும் கற்றலிலும் வெளிப்படலாம். ஆகவே படிநிலைகள் சரியாக உள்ளன என்பது மட்டும் போதிய சான்று ஆகாது. தவழும் பருவத்தில் தரைத் தூசு கை வழியே வாய்க்குச் செல்வதால் அப்பருவமே மிகவும் எச்சரிக்கைக்குரியது. ஈரத்துணியால் தரையைத் துடைத்தல், உண்ணுமுன் குழந்தையின் கையைக் கழுவுதல், மின்கலம், பற்றவைப்பு, வண்ணப்பூச்சு, பழைய இரும்பு வேலை செய்வோர் வேலை உடையோடு குழந்தையைத் தூக்காதிருத்தல் ஆகியன பயன் தருவன. இரும்புச்சத்துக் குறைந்த உடல் ஈயத்தை மிகுதியாக உறிஞ்சுகிறது. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஐந்து வயதிற்குட்பட்ட குழந்தைகளில் பாதிக்கும் மேற்பட்டோர் குருதிச்சோகை உடையவர்கள் என்பதால் இது சிறிய செய்தி அன்று.

கண்டறிதலும் பயிற்சியும்

இந்தியாவில் எளிமையான சோதனை முறையாக அறியப்படுவது திருவனந்தபுரம் வளர்ச்சிச் சோதனை அட்டவணை. எம். கே. சி. நாயரும் பிறரும் 1991 இல் வெளியிட்ட இதில், இரண்டு வயது வரைக்குமான 17 திறன்கள் கிடைக்கோடுகளாக வரையப்பட்டுள்ளன. குழந்தையின் வயதில் ஓர் அளவுகோலைச் செங்குத்தாக வைத்தால், அதன் இடப்பக்கம் முடிந்துவிடும் கோடுகள் அனைத்தையும் குழந்தை செய்திருக்க வேண்டும். சில நிமிடங்களில் அங்கன்வாடிப் பணியாளரும் இதனைச் செய்து பார்க்க இயலும். தாய் சேய் நல அட்டையிலும் படிநிலைகள் படங்களாகத் தரப்பட்டுள்ளன. தடுப்பூசிப் பக்கத்தைத் தவிர மற்றவற்றைப் பலர் புரட்டுவதே இல்லை.

2013 இல் தொடங்கப்பட்ட தேசியச் சிறார் நலத் திட்டத்தின் கீழ், நடமாடும் மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிகளில் ஆண்டுக்கு இருமுறை குழந்தைகளைச் சோதித்து, ஐயமுள்ளோரை மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையங்களுக்கு அனுப்ப வேண்டும். இரண்டு வயதிற்குள் மூளை விரைந்து வளர்வதால், நோயின் பெயர் உறுதிப்படும் முன்பே பயிற்சியைத் தொடங்குவது முறையாகும்.

சென்னையில் இத்துறையின் வளர்ச்சியில் பெற்றோரின் பங்கு பெரிது. பெருமூளை வாதம் உடைய குழந்தையின் தாயான பூனம் நடராசன் 1985 இல் தொடங்கிய அமைப்பே, இன்று கோட்டூர்புரத்தில் உள்ள வித்யாசாகர். 1989 இல் தியாகராயநகரில் அமைந்த மதுரம் நாராயணன் மையம், தாயே பயிற்சியாளராக இருக்கும் வகையில் 'உபநயன்' என்னும் பயிற்சித் திட்டத்தை உருவாக்கியது. முட்டுக்காட்டில் உள்ள பன்முக மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம் 2005 இல் தொடங்கப்பட்டது. இம்மூன்றும் நகரின் மையத்திலோ தெற்கிலோ இருப்பவை. எண்ணூரிலிருந்து முட்டுக்காடு 50 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவு. 2021 இல் மெட்ரோ தொடர்வண்டி விம்கோ நகர் வரை நீட்டிக்கப்பட்டதால் பயணம் ஓரளவு எளிதாயிற்று. எனினும் வாரம் இருமுறை பயிற்சிக்குச் செல்ல ஒரு நாள் கூலியை இழக்க வேண்டிய மீனவ, சுமைதூக்கும் குடும்பங்களில் பயிற்சி இடையில் நின்றுபோகிறது. இத்தகைய குடும்பங்களுக்கு, குளிப்பாட்டும்போதும் சோறூட்டும்போதும் வீட்டிலேயே செய்யத்தக்க பயிற்சிகளைப் பயிற்சியாளர்கள் கற்றுத்தருகின்றனர்.