இரவல் காரும் காப்புறுதியும்

பஹாவ் தோட்டத்திலிருந்து சிரம்பான் ஆஸ்பத்திரிக்குப் போக அண்டை வீட்டாரிடம் கார் இரவல் வாங்குகிறோம். அது ஒருவர்மீது மோதினால் நட்ட ஈடு யார் கொடுப்பது?

பிரிட்டன் 1930-இல் மூன்றாம் நபர் காப்புறுதியைக் கட்டாயமாக்கியது. பின்னர், வார்பி என்பவர் நண்பருக்கு இரவல் தந்த கார் மோதி, மாங்க் என்பவர் காயமுற்றார். ஓட்டியவருக்கோ காப்புறுதி செல்லாது. இரவல் கொடுத்தவரே நட்ட ஈடு தர வேண்டும் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

மலேசியாவின் 1987-ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டப்படியும், காப்புறுதியின்றி ஓட்டுவது மட்டுமன்று, ஓட்ட விடுவதும் குற்றமே.

இன்னொன்று: கட்டாயக் காப்புறுதி பிறர் உயிருக்கும் உடலுக்குமே, நொறுங்கிய காருக்கன்று. கவனக்குறைவாக ஓட்டியிருந்தால், அந்தச் செலவு இரவல் வாங்கியவர் தலையில் விழும். ஆகவே, சாவி கைமாறுமுன் இருவரும் காப்புறுதிப் பத்திரத்தைப் படித்துப் பாருங்கள்.