கோப்பி நோயும் அரசாங்க நிவாரணமும்: கண்டிப் பிரதேசம் பற்றிய ஒரு நோக்கு

கொள்ளைநோய் மனிதரை மட்டுமன்றிப் பயிரையும் தாக்குவதுண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிற் கண்டி மலைநாட்டைத் தாக்கிய கோப்பி இலைநோய் அத்தகையதே. அந்நோயின் வரலாறு பலராலும் எழுதப்பட்டுள்ளது. எனினும், அந்நெருக்கடியில் அரசாங்கம் யாருக்குக் கைகொடுத்தது, யாரைக் கைவிட்டது என்பது தனியே ஆராயத்தக்கது. அதனைச் சுருக்கமாக நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1869இல் மடுல்சீமைப் பகுதியில் இந்நோய் முதன்முதலாக அவதானிக்கப்பட்டது. பேராதனைத் தாவரவியற் பூங்காவின் பணிப்பாளராயிருந்த துவைற்ஸ் அனுப்பிய மாதிரிகளைக் கொண்டு, அவ்வாண்டிலேயே இங்கிலாந்தில் நோய்க்கிருமிக்கு ஹெமிலியா வஸ்டாற்றிக்ஸ் எனப் பெயரிடப்பட்டது. 1880இல் அரசாங்கம் மார்ஷல் வார்ட் என்னும் அறிஞரை வரவழைத்தது. அவர் காற்றிற் பரவும் பூஞ்சண வித்திகளே நோய்க்குக் காரணம் என நிறுவினார். ஆனால் மருந்து கிட்டவில்லை. ஒரே பயிரை மலை முழுவதும் நட்டமையே நோயின் விரைவுக்குத் துணை செய்தது.

நோய் பொருளாதார நெருக்கடியாக முற்றியது 1884இலாகும். தோட்டத்துரைமாருக்குப் பெருங்கடன் வழங்கியிருந்த ஓரியன்டல் வங்கி அவ்வாண்டு மே மாதம் முறிந்தது. அவ்வங்கியின் நோட்டுகளே அக்காலத்தில் பெருமளவிற் புழங்கின. தேசாதிபதி ஆதர் கோர்டன் அந்நோட்டுகளுக்கு அரசாங்கம் பொறுப்பேற்கும் என உடனே உறுதியளித்தார். இதனை முதலாளிகளுக்கு மட்டும் செய்த உதவி எனக் கூறுவது பொருந்தாது. ஒற்றை நோட்டை மடியில் முடிந்து வைத்திருந்த கூலியாளும் கடைக்காரரும் இதனாற் காப்பாற்றப்பட்டனர். எனினும் நோட்டே கைக்கு எட்டாதவருக்கு இவ்வுறுதியால் விளைந்த பயன் யாது?

கண்டியக் கிராமத்தவரும் வீட்டுத் தோட்டங்களிற் கோப்பி வளர்த்தனர் என்பது இங்கு நினைவிற்கொள்ளத்தக்கது. அவர்களுக்குப் பணம் ஈட்டித் தந்த முக்கிய பயிர் அதுவே. 1878ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின் நெல்வரியைப் பணமாகவே செலுத்தவேண்டியிருந்தது. கோப்பி அழிந்ததும் வரிப்பணத்துக்கு வழியில்லாது போயிற்று. ஆயினும் வரி தளர்த்தப்படவில்லை. கண்டிக்குத் தென்கிழக்கேயுள்ள வலப்பனைப் பகுதியில், 1880களில், வரி நிலுவைக்காகக் குடியானவரின் வயல்கள் ஏலத்தில் விற்கப்பட்டன. நுவரெலியா உதவி அரசாங்க அதிபராயிருந்த லெ மெசூரியர் இதன் விளைவான துயரங்களை அறிக்கையிட்டார். ஜோர்ஜ் வோல் போன்றோர் வரியை எதிர்த்து எழுதினர். இறுதியில் 1892இலேயே நெல்வரி ஒழிக்கப்பட்டது. நிலம் இழந்தவனுக்கு அது காலங்கடந்த நிவாரணமாகும்.

தென்னிந்தியாவிலிருந்து வந்த தோட்டத் தொழிலாளரின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. தோட்டங்கள் கைவிடப்பட்டபோது சம்பளம் நிலுவையாயிற்று; பலர் வந்த வழியே திரும்பினர். எஞ்சியோர், 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் 19 ஏக்கரிற் தொடங்கிய தேயிலைக்குத் தம் உழைப்பை மாற்றிக்கொண்டனர்.

இம்மூன்று நிலைகளையும் ஒப்பிடும்போது ஒன்று புலனாகிறது. நிவாரணம் பெரும்பாலும் தேவையின் வழியே செல்வதில்லை. பதிவின் வழியே செல்கின்றது. நோட்டு வைத்திருந்தவனிடம் சான்று இருந்தது. கிராமத்தவன் கச்சேரிப் பதிவேட்டில் வரிக் கடனாளியாகவே இடம்பெற்றான். தொழிலாளியோ தோட்டத்துச் செக்றோலில் ஒரு பெயர் மாத்திரமே.

2020இல் கொவிட் நோய்க்காலத்தில் ஏப்ரல், மே மாதங்களில் 5000 ரூபா கொடுப்பனவு வழங்கப்பட்டபோதும் சமுர்த்திப் பயனாளிகள், முதியோர் முதலான பட்டியல்களே அடிப்படையாயின. ஊரடங்கின்போதும் தேயிலைத் தோட்டங்கள் இயங்கின. கொழுந்து பறிக்கும் கைகள் ஓயவில்லை. நூற்றைம்பது ஆண்டுகளில் நோய் மாறியுள்ளது, பயிரும் மாறியுள்ளது. பட்டியலைத் தயாரிப்பவர் யார், அதிலே விடுபட்டவர் யார் என்னும் வினா மட்டும் மாறவில்லை. நிவாரணத்தின் வரலாற்றை எழுத முற்படுவோர் வழங்கப்பட்ட தொகையை விட இவ்வினாவையே முதலிற் கேட்டல் வேண்டும்.