காலட் எப்படிக் காலடி ஆனார்

ஜோசப் காலட், 1717 முதல் 1720 வரை மதராஸ் கவர்னர். திருவொற்றியூர் பக்கம் நெசவாளர்களைக் குடியேற்றிய இடத்துக்கு அவர் பெயரே வந்தது: காலட்பேட்டை. நம்ம ஊர் வாய்க்கு 'காலட்' என்ன சொல்? அர்த்தமே இல்லாத சத்தம். தெரிந்த சொல்லாக மாற்றிக்கொண்டது, காலடி. 2021ல் வந்த மெட்ரோ ஸ்டேஷன் பலகையிலும் காலடிப்பேட்டைதான். சரியாக உச்சரித்திருந்தால் கவர்னர் என்றைக்கோ மறைந்திருப்பார் என்பது என் சந்தேகம்.

அண்ணன் மகளுக்கு யாழினி என்று பெயர். ழகரத்துக்காகவே தேடி வைத்தது. இப்போது பள்ளிக்குப் பள்ளி யாழினிகள். ஆனால் காலடிப்பேட்டைப் பாட்டிக்கு அவள் 'யாயினி'. அண்ணன் திருத்துகிறான். குழந்தையோ 'யாயினி' என்றால்தான் திரும்பிப் பார்க்கிறாள்.